ஆமை வைவதில்லை

“ரோபோ பாடமா? அது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு உரியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவனுக்கும், ஐந்து நிமிடம் ஓரிடத்தில் அமராதவனுக்கும் அது எதற்கு?” கல்வியைப் பற்றிய பேச்சில் அடிக்கடி எழும் குரல் இது. அறிவுரைபோல் ஒலிக்கும் அநீதி இது என்பேன்.

ரோபோ குழந்தைகளிடம் வந்த வரலாறே இக்கூற்றை மறுக்கிறது. 1967-இல் சேமூர் பேப்பர்ட்டும் அவர்தம் தோழர்களும் சிறுவர்க்கென ‘லோகோ’ என்னும் கணினி மொழியை ஆக்கினர். பின்னர் அம்மொழியின் கட்டளைக்கு இணங்கித் தரையில் ஊர்ந்த சிறு ரோபோவுக்கு ‘ஆமை’ என்று பெயரிட்டனர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சில்வியா வியர் அத்தகைய ஆமையை ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவனிடம் தந்தார். தான் அழுத்திய பொத்தானுக்கு ஆமை கீழ்ப்படியக் கண்ட அவன், பிறரிடம் தானாகவே பேச முற்பட்டான் என்கிறது 1976-இல் வெளியான ஆய்வு.

காரணம் வியப்பானதன்று. நம் வகுப்பறையில் தவறு என்றால் சிவப்பு மை. சில வேளைகளில் ஏளனம். ரோபோ வண்டி சுவரில் மோதினாலோ, அது எவரையும் மக்கு என்று வைவதில்லை. மூன்று நொடி ஓடச் சொன்னது மிகுதி, இரண்டே போதும் என்று மாணவனே காண்கிறான், திருத்துகிறான், மீண்டும் ஓட்டுகிறான். பொறுமை இங்கே போதனையாக அன்று, பழக்கமாக வருகிறது. எழுத்துகள் மயக்கும் பிள்ளைக்கும் வழியுண்டு. 2007-இல் வெளிவந்த ‘ஸ்கிராட்ச்’ போன்ற மொழிகளில் நீண்ட வரிகளை எழுதாமல், வண்ணக் கட்டைகளை அடுக்கியே கட்டளையிடலாம்.

இயந்திரம் ஆசிரியருக்கு மாற்றாகும் என்று கூறவில்லை. சிறு குழுக்கள் வேண்டும். ஒருவன் பாகங்களைப் பூட்ட, மற்றவன் கட்டளை அமைக்க என வேலையைப் பகிர்ந்தளிக்க வேண்டும். தோல்வியில் சினந்து சக்கரத்தை வீசியெறியும் பிள்ளையின் அருகே அமர ஒரு மனிதர் வேண்டும். இதற்குச் செலவாகும், உண்மை. ஆனால் செலவைக் காட்டிப் பிள்ளையை விலக்குவது எவ்வகை நியாயம்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் ஏற்றது. ஆறாம் வகுப்பு முதலான மாணவர்க்கு அடல் ஆய்வகங்கள் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஒரே ஆண்டில் திறந்த இரு கதவுகளுக்கிடையே மதிப்பெண் என்னும் பூட்டைத் தொங்கவிட நமக்கு உரிமை ஏது?

“முதலில் ஒழுங்காக நட, பிறகு ஆய்வகத்துக்கு வரலாம்” என்கிறோம். கால் ஊனமுற்றவனிடம், “முதலில் நடந்து காட்டு, பிறகு ஊன்றுகோல் தருகிறேன்” என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?