அப்பா வழியை யார் கேட்கிறார்கள்?

“அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்ததா? இல்லையா, அப்படியானால் உனக்குப் பயமில்லை.” படித்தவர்களும் இப்படித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது, உண்மை வேறு.

முதலில் அந்த ‘அம்மா வழி’. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடையதென 1990இல் மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 17ஆவது குரோமோசோமில் இடம் காட்டிய மரபணுதான் பிஆர்சிஏ1. அதே வகையைச் சேர்ந்த பிஆர்சிஏ2 இருப்பது 13ஆவதில். இரண்டும் பாலினக் குரோமோசோம்கள் அல்ல. எனவே இந்த மரபணுக்களில் உள்ள திரிபு தாயிடமிருந்து வருவது போலவே தந்தையிடமிருந்தும் வரும். மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கு அண்ணன் தம்பி மட்டுமே, அக்கா தங்கை கிடையாது என்றால் அத்திரிபு தலைமுறைகளாக வெளியே தெரியாமலே இறங்கி வரலாம். தெரிந்தாலும் நாம் கவனிப்பதில்லை. பிஆர்சிஏ2 திரிபு ஆண்களுக்குப் பிராஸ்டேட் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. ஐம்பது வயதுக்குள் பெரியப்பாவுக்கு வந்த பிராஸ்டேட் புற்றையும், அவர் தம்பி மகளுக்கு வந்த மார்பகப் புற்றையும் எந்த வீட்டில் சேர்த்துப் பேசுகிறார்கள்?

அடுத்தது, ‘குடும்பத்தில் யாருக்கும் இல்லை’. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் பெரும்பாலோருக்குத் தாய், சகோதரி, மகள் யாருக்கும் அந்நோய் இருந்ததில்லை. பிஆர்சிஏ போல ஒற்றை மரபணுத் திரிபு வலுவாக வேலை செய்வது நோய் வந்தவர்களில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரிடம்தான். மற்றவர்களிடம் எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணு போன்ற இடங்களில் உள்ள சிறுசிறு வேறுபாடுகள் பல சேர்ந்து அபாயத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. சீக்கிரம் பூப்பெய்துவது, தாமதமாக மாதவிடாய் நிற்பது என ஈஸ்ட்ரோஜனோடு உடல் கழித்த ஆண்டுகளும் கணக்கில் சேரும்.

இதற்கு நேரெதிரான பேச்சும் உண்டு: ‘திரிபு இருந்தால் வந்தே தீரும்’. அதுவும் பிசகு. 2017இல் வெளியான பெரிய ஆய்வு, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பை பிஆர்சிஏ1 திரிபுள்ள பெண்களுக்கு 72 சதவீதம், பிஆர்சிஏ2 திரிபுள்ளோருக்கு 69 சதவீதம் என மதிப்பிட்டது. மிக அதிகம்தான், நூறு அல்ல. சினைப்பைப் புற்றுநோய்க்கு அதே கணக்கு முறையே 44, 17 சதவீதம். இந்த எண்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் எம்ஆர்ஐ பரிசோதனை, சினைப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை என முடிவெடுக்க வழியிருக்கிறது.

டாக்டர் குடும்ப வரலாறு கேட்டால் அத்தை, பெரியப்பா, அப்பாவைப் பெற்ற பாட்டி ஆகியோரையும் சொல்லுங்கள். எந்த வயதில் நோய் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.