தொடர்மாடித் திருத்தச் செலவு: தள்ளிப்போடுவது இலாபமல்ல

கடைக்குச் சரக்கு எடுக்கும்போது சதக் கணக்குப் பார்க்கும் நம் வர்த்தகர்கள், தொடர்மாடி வீடு வாங்கும்போது மட்டும் விலை, இடம், வாகனத் தரிப்பிடம் ஆகிய மூன்றையும் விசாரித்துவிட்டு உறுதி எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு நிதியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொள்ளுப்பிட்டியிலும் பல குடும்பங்களின் வாழ்நாள் உழைப்பு தொடர்மாடி வீடுகளில் முடங்கியிருக்கிறது. அந்தக் கட்டடங்களுக்கு வயது ஏறுகிறது. திருத்த வேலை என்ற பேச்சு வந்தாலோ, கூட்டம் வாய்த்தர்க்கத்தில் முடிகிறது. இந்தச் செலவைத் தள்ளிப்போடுவது இலாபம் என்று நினைப்பது, வியாபாரக் கணக்கின்படியே பிழை என்பது எனது கருத்து.

நாம் வாங்கியது எதை?

தொடர்மாடிகளின் உரிமை பற்றி நமது நாட்டில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது பின்னர் பல தடவை திருத்தப்பட்டது. இச்சட்டப்படி ஒரு வீட்டை வாங்குபவர் தன் வாசற்கதவுக்கு உள்ளே இருப்பதை மட்டும் வாங்கவில்லை. கூரை, படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொதுப் பாகங்களிலும் அவர் பங்காளியாகிறார். வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்ததே முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பொதுச் செலவில் ஒவ்வொருவரும் தமது பங்குக்கு ஏற்பச் செலுத்த வேண்டும்.

ஆகவே, "கூரை ஒழுகினால் மேல்மாடிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும், நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை" என்ற கதைக்கு இங்கே இடமில்லை. விரும்பியோ விரும்பாமலோ நாம் ஒரு கூட்டு வியாபாரத்தில் பங்குதாரர்கள். பங்குதாரர் நட்டத்தில் மட்டும் ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

தள்ளிப்போட்டதன் விலை

தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைட் என்ற கடற்கரை ஊரில், 1981இல் கட்டப்பட்ட 12 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் 136 வீடுகள். நீச்சல் தடாகத்தைச் சுற்றியுள்ள தளத்தில் நீர்க்காப்பு பழுதாகி, தண்ணீர் வடிய வழியின்றி, கீழேயுள்ள கொங்கிரீட் பெரிதாகச் சேதமடைந்துள்ளது என 2018இல் பொறியியலாளர் ஒருவர் எழுத்தில் அறிவித்தார். அடுத்த ஆண்டுகள் விவாதத்திலும் நிர்வாகிகளின் இராஜினாமாவிலும் கழிந்தன. 2021 ஏப்ரலில், சேதம் மேலும் மோசமாகிவிட்டது என்று நிர்வாகத் தலைவர் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அப்போது செலவு சுமார் 150 இலட்சம் டொலர். சிறிய வீட்டுக்காரருக்கு ஏறத்தாழ 80,000 டொலரும், பெரிய வீட்டுக்காரருக்கு 3 இலட்சத்து 30 ஆயிரம் டொலருக்கு மேலும் பங்கு வந்தது.

முதல் தவணை ஜூலை 1ஆம் திகதி செலுத்தப்பட இருந்தது. ஜூன் 24ஆம் திகதி அதிகாலையில் கட்டடத்தின் பெரும் பகுதி இடிந்து விழுந்து 98 பேர் உயிரிழந்தனர். பணத் தகராறு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வடிவமைப்புக் குறைகளும் பேசப்பட்டன. ஆனால் எச்சரிக்கைக்கும் முதல் தவணைக்கும் இடையில் இரண்டரை வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன என்பது உண்மை. இதன் பின்னர் 2022இல் புளோரிடா அரசு, பழைய தொடர்மாடிகளைக் கட்டாயமாகப் பரிசோதிக்கவும் திருத்த நிதியை முன்கூட்டியே சேர்க்கவும் சட்டம் இயற்றியது.

நமது காலி வீதியின் கடல்பக்கத்துக் கட்டடங்களுக்கும் உப்புக் காற்று புதிதல்ல. உப்பும் ஈரமும் கொங்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருத்து, கொங்கிரீட்டை உள்ளிருந்து வெடிக்கச் செய்யும். வெடிப்பின் மேல் சீமெந்து பூசிப் பெயின்ட் அடித்தால் வெளியே அழகாக இருக்கும். உள்ளே வேலை தொடர்ந்து நடக்கும்.

கணக்குப் பார்ப்போம்

40 வீடுகள் கொண்ட ஒரு தொடர்மாடியை உதாரணத்துக்கு எடுப்போம். எல்லா வீடுகளுக்கும் பங்கு சமம் என்றும், பத்து வருடத்தில் லிஃப்ட், கூரை நீர்க்காப்பு, வெளிச்சுவர் ஆகியவற்றுக்கு 240 இலட்சம் ரூபா தேவை என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு 6 இலட்சம். இன்றிலிருந்து சேர்த்தால் மாதம் 5,000 ரூபா. சேர்க்காவிட்டால் ஒரே நாளில் 6 இலட்சத்துக்குக் கடிதம் வரும். வட்டிக்குக் கடன் எடுக்க விரும்பாத நம்மவர்களுக்கு முன்கூட்டியே சேர்ப்பதைவிட வேறு வழி ஏது?

செலவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை இறக்குமதி செய்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லிஃப்ட் உதிரிப்பாகமும் ஜெனரேட்டரும் கப்பலில் வருபவைதானே? 2021இல் தள்ளிப்போட்ட வேலையை அடுத்த வருடம் செய்யப் போனவர் தள்ளிப்போட்டதற்குத் தண்டம் கட்டினார்.

மறுப்பவர் பக்கமும் நியாயம் உண்டு

பணம் தர மறுப்பவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் அல்லர். "கணக்கைக் காட்டுங்கள், பிறகு கேளுங்கள்" என்கிறவரின் கேள்வி நியாயமானது. தனக்குத் தெரிந்த கொந்தராத்துக்காரரிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு அறிவிக்கும் நிர்வாகம் நம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது. ஓய்வூதியத்தில் வாழும் பெரியவருக்கும் கணவரை இழந்த சகோதரிக்கும் ஒரே தடவையில் 6 இலட்சம் என்பது இயலாத காரியம். மறுபுறம், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மாத வாடகையைத் தவறாமல் எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு மட்டும் வராத உரிமையாளர்களில் நம் வர்த்தகர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வராத கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறாது. நிறைவேறினாலும் பணம் சேராது.

எனவே எனது யோசனைகள் இவை. வேலையை எடுக்கப்போகும் கொந்தராத்துக்காரரைக் கொண்டு மதிப்பீடு செய்யாமல், அவருடன் தொடர்பில்லாத பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையை முதலில் பெறுங்கள். மூன்று விலைமனுக்களையாவது கோரி அவற்றை எல்லோருக்கும் காட்டுங்கள். திருத்த நிதியை அன்றாடச் செலவுக் கணக்கில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். வருடாந்தக் கணக்கறிக்கையை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். இயலாதவர்களுக்குத் தவணை கொடுங்கள், ஆனால் உயிராபத்தான வேலையை அதற்காக நிறுத்தாதீர்கள். பிணக்கு முற்றினால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முற்பணம் கொடுக்கும் முன் கடந்த மூன்று வருடக் கணக்கறிக்கையையும் கூட்ட அறிக்கைகளையும் கேட்டு வாங்குங்கள். மாதப் பராமரிப்புக் கட்டணம் மிகக் குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், சேமிப்பு எங்கே என்று கேளுங்கள். சேமிப்பு இல்லையென்றால், அந்தக் குறைந்த கட்டணத்தின் மீதியை நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள்.