திராட்சைப் பந்தலின் கீழே ஒரு குடும்பம்



சென்ற மாதம் பிறந்தகமான சிவகிரிக்குச் சென்றிருந்தேன். தங்கை முறையுள்ள ஒருத்தி, தன் மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிப் பேச வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள்.

"அக்கா, நீங்கள் அங்கே வாழ்க்கைப்பட்டு முப்பது ஆண்டுகளாகின்றன. ஒயின் வடிக்கும் பழம் விளைகின்ற ஊர் என்கிறார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த ஏற்ற இடம்தானா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்" என்றாள்.

அவளுக்குச் சொன்ன விடையையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன். பெண் கொடுப்போர்க்கும் எடுப்போர்க்கும் பயன்படக்கூடும்.

சிவகிரிப் பெண்ணுக்கு அந்தப் பூமி முற்றிலும் அந்நியமன்று. நம் ஊருக்கு மேற்கே நிற்கும் சிவகிரி மலைத்தொடரில்தான் பெரியாறு தோன்றுகிறது. அது மலைக்கு அப்புறமாக வடக்கு நோக்கி ஓடித் தேக்கடியில் தேங்குகிறது. 1895இல் பென்னிகுவிக் கட்டிமுடித்த அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. நாமோ இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், தேனி என்று மலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மணமான புதிதில் தாய்வீட்டு நினைவு வரும்போதெல்லாம், "உன் ஊர் மலைத் தண்ணீர்தான் இங்கே வாய்க்காலில் ஓடுகிறது" என்று என் மாமியார் தேற்றுவார்.

நம் பக்கத்தில் நெல், கரும்பு, தென்னை, எலுமிச்சை. எலுமிச்சையைப் பறித்துப் புளியங்குடிச் சந்தைக்கு அனுப்பினால் கையில் காசு வரும். திராட்சையின் கணக்கு வேறு. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போடுவதற்கே பெருந்தொகை வேண்டும். கவாத்து செய்த நாளிலிருந்து பழம் அறுக்க ஏறத்தாழ நான்கு மாதங்கள். அந்நாட்களில் பணம் போய்க்கொண்டே இருக்கும். பிறகு ஒரு சில நாட்களுக்குள் அறுத்து விற்றாக வேண்டும். எங்கள் பன்னீர்த் திராட்சை மெல்லிய தோலுடையது. காத்திருக்க அதற்குப் பொறுமை கிடையாது.

ஆயினும் அங்கே ஒரு பேறு உண்டு. நாட்டின் பிற பகுதிகளில் பருவத்தில் மட்டும் கிடைக்கும் பழம், அங்கே ஒரு தோட்டம் மாறி ஒரு தோட்டமாக ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது. 2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடும் பெற்றது. பழம் அறுப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. பெண்பிள்ளைகளின் கல்விக்கும் குறையில்லை. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956 முதல் நடந்து வருகிறது. ரமலானில் நோன்புக் கஞ்சியுடன் ஒரு கொத்துப் பழம் இல்லாத வீட்டைக் காண்பது அரிது.

இனி, பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன்.

தோட்டம் வீட்டை ஒட்டி இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா? பார்த்தால் சிறிய விஷயம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதுவே பெரிய விஷயம். திராட்சைக்கு அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் ஓயாத பகை. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கக் கொடியில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்தார்களாம். தெளித்த கொடிகளில் நோய் அண்டாததைக் கண்ட மில்லார்டே என்னும் அறிஞர் 1885இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அந்தப் போர்டோ கலவை இன்றும் எங்கள் தோட்டங்களில் உண்டு. அத்துடன் வேறு கடுமையான மருந்துகளும் வந்துவிட்டன.

ஆகவே மருந்தடிக்கும் நாளில் எங்கள் வீட்டில் சில கட்டுப்பாடுகள். பிள்ளைகள் பந்தலின் கீழ் போகக்கூடாது. கொடியில் துணி காயப் போடுவதில்லை. மருந்துப் புட்டிகளை வீட்டுக்குள் வைப்பதில்லை. காலியான புட்டியில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றுவதில்லை. மருந்தடித்தவர் குளித்து உடை மாற்றிய பின்பே குழந்தையைத் தூக்குவார். அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களை விட்டே பழம் அறுப்போம். பறித்த பழத்தை ஓடும் தண்ணீரில் கழுவாமல் எவர் வாயிலும் வைக்க விடுவதில்லை. இவற்றைக் கடைப்பிடிக்கும் வீடா என்பதைக் கேட்டறியுங்கள்.

அடுத்த கேள்விதான் தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டது: ஒயின்.

ஒரே பழத்திலிருந்து மனிதர் போதையையும் எடுக்கின்றனர், நல்ல உணவையும் எடுக்கின்றனர் என்பதைத் திருமறையின் 16ஆம் அத்தியாயம் நமக்கு நினைவூட்டுகிறது. ஆகவே கொடியின் மீது குற்றமில்லை. துருக்கியில் நம் சகோதரர்கள் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிப் 'பெக்மெஸ்' என்னும் பாகாக்குகிறார்கள். உலர்த்தி உலகெங்கும் அனுப்புகிறார்கள். இலையில் அரிசியைப் பொதிந்து சமைக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் ஒயின் ஆலை ஏற்பட்டது உண்மையே. எனினும் பள்ளத்தாக்கின் பழத்தில் பெரும்பகுதி உண்ணும் பழமாகவே கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் செல்கிறது. எங்கள் ஊர்க் குடும்பங்களைக் குடி கெடுக்கிறதென்றால், அது பந்தலிலிருந்து வருவதன்று. மற்ற ஊர்களைப் போலவே கடைத்தெருவிலிருந்து வருவது.

ஆனால் சோதனை வராது என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது எங்கள் ஒன்றரை ஏக்கரும் அறுவடைக்குத் தயாராக நின்றது. குமுளி எல்லை அடைபட்டது. லாரி இல்லை, வியாபாரி இல்லை. பழம் கொடியிலேயே வெடிக்கத் தொடங்கிற்று. அவ்வேளையில் வெளியூர்த் தரகர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். மது வடிப்பதற்கென்று வெளிப்படையாகவே சொல்லி, முழுவதையும் எடுத்துக்கொள்ள முன்வந்தார். சொன்ன விலை, போட்ட செலவை ஈடுகட்டும்.

அன்றிரவு வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய ஆண்டு அது. என் கணவர் ஓர் ஆலிமிடம் தொலைபேசியில் கேட்டார். "மது தயாரிப்பவருக்குத் திராட்சை விற்பது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்த செய்தியையும் நீங்கள் அறிவீர்கள். எந்தப் பணத்தை உங்கள் பிள்ளைகளிடம் தயங்காமல் கணக்குச் சொல்ல முடியுமோ, அதை வாங்குங்கள்" என்றார் அவர்.

நாங்கள் விற்கவில்லை. மகன் மிதிவண்டியில் கூடை கட்டித் தெருத்தெருவாக விற்றான். அக்கம்பக்கத்தாருக்கு, இன்ன சமயத்தார் என்று பாராமல் கொடுத்தோம். மாமியாரும் நானும் பழத்தை வேகவைத்துப் பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிப் புட்டிகளில் நிரப்பினோம். அப்படியும் பெரும்பகுதி மண்ணுக்கே போயிற்று. என் இரண்டு வளையல்களை விற்றோம். அவற்றை இன்றுவரை மீண்டும் வாங்க முடியவில்லை.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அதே நாட்களில் வேறு முடிவெடுத்தவர்களையும் நான் அறிவேன், அவர்களின் கடன் சுமை எனக்குத் தெரியாது, பழிக்கமாட்டேன். ஆனால் அந்த இரவில் மாமியார், கணவர், மகன், நான் என்று அனைவரும் ஒன்றாய் அமர்ந்து பேசி முடிவெடுத்தோம். மருமகளின் சொல்லையும் கேட்டார்கள். வளையலை எவரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகக் கழற்றினேன்.

அதனால் தங்கையிடம் இப்படிச் சொன்னேன்: "ஊரைப் பற்றி அஞ்சாதே. தண்ணீர் நல்லது, காற்று நல்லது, பழம் நல்லது. விலை விழுந்த ஆண்டில் அந்த வீட்டார் என்ன செய்தார்கள், யாரைக் கலந்து செய்தார்கள் என்று மட்டும் விசாரி. அது சரியாக இருந்தால் பெண்ணைக் கொடு."

அவள் அடுத்த வாரம் கம்பம் வருகிறாள். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்குமுன் என் வீட்டுப் பந்தலின் கீழ் சற்று நேரம் அமரச் சொல்லியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், அப்போது பழம் கனிந்திருக்கும்.

வஸ்ஸலாம்.