ஒண்ணும் ஆகாதுங்க!

கோவையிலிருந்து திருச்சி போகிற ரோட்டில், காங்கயத்தைத் தாண்டினால் வெள்ளகோவில். தறிச் சத்தமும் லாரிச் சத்தமும் போட்டி போடுகிற ஊர். அங்கே ரோட்டோரப் பட்டறை ஒன்றில் நண்பருக்காகக் காத்திருந்தேன். உள்ளே ஒரு லாரி. நெற்றியில் 'வீரக்குமாரசாமி துணை'. பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. பழம் புத்தம் புதுசு.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் கிரவுன் ஆயிலை வடித்து முடித்து, டிரெயின் பிளக்கோடு வெளியே வந்தார். அதில் இருந்த செப்பு வாஷரை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "வாஷர் புதுசு போட்டுக்கலாங்ணா" என்றார்.

முதலாளி வாங்கிப் பார்த்தார். "ஏனுங்க, நல்லாத்தானே இருக்குது? இதையே போட்டு நல்லா இறுக்கி உடுங்க. ஒண்ணும் ஆகாது!"

புது கியர் ஆயிலுக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்த மனுஷர், ஒரு டீ, வடைக் காசுக்குக் கணக்குப் பார்த்தார். யானையை வாங்கியாச்சு, அங்குசத்துக்கு அழுகை! டிரைவர் ஓரமாக நின்றிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'வாஷருக்கெல்லாமா ஒரு கட்டுரை?' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனால், முதல் வருஷம் சொல்லிக் கொடுத்த ஒரு பாடம் மட்டும் மறக்கவே இல்லை. ஒரு கணக்கில் வரவு எழுதினால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியே ஆகவேண்டும். காசு காணாமல் போகாது, இடம்தான் மாறும். அப்படியென்றால் முதலாளி மிச்சம் பிடித்த வாஷர் காசு, யார் கணக்கில் பற்று?

அதற்கு முன் வாஷர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பிளக்கின் முகமும் ஹவுசிங்கின் முகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். உண்மையில் இரண்டிலும் நுணுக்கமான மேடு பள்ளங்கள் உண்டு. நடுவில் இருக்கிற செம்பு அல்லது அலுமினியம் மிருதுவான உலோகம். இறுக்கும்போது அது நசுங்கி அந்தப் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். நசுங்குவதுதான் அதன் உத்தியோகமே! ஒரு தடவை நசுங்கியது கெட்டிப்பட்டுவிடும். அடுத்த தடவை இறுக்கினால் முன்பு போல இளகிக் கொடுக்காது.

பாத்திரக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. செம்பை அடிக்க அடிக்க அது விறைத்துக்கொள்ளும். பழுக்கக் காய்ச்சினால் மறுபடி இளகும். பழைய மெக்கானிக்குகள் செப்பு வாஷரை அப்படிச் சூடு காட்டித் திரும்பப் போட்டதுண்டு. தப்பில்லை. ஆனால் அலுமினிய வாஷரை அப்படிப் பழுக்கக் காய்ச்ச முடியாது, உருகிவிடும். சில வண்டிகளில் கூம்பு மரை பிளக் இருக்கும். அதற்கு வாஷரே கிடையாது. நான் சொல்வது வாஷர் இருக்கிற வண்டிகளுக்கு.

பழைய வாஷர் போட்டால் என்ன ஆகும்? லேசாகக் கசியும். கசிவதைப் பார்த்ததும் ஸ்பானரில் பைப்பைச் செருகி இன்னும் இறுக்குவார்கள். அலுமினிய கியர் பாக்ஸாக இருந்தால் மரை கழன்று கையோடு வரும். பிறகு அதற்கு லேத் பட்டறை, புது மரை, இரண்டு நாள் வண்டி நிறுத்தம். வடைக் காசு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

'சொட்டுதானே சார்' என்பார்கள். சொட்டுக்கும் கணக்கு உண்டு. ஒரு மில்லிக்கு முப்பது சொட்டு என்று வையுங்கள். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 48 மில்லி. முப்பது நாளில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். பெரிய லாரியின் கிரவுனில் இருப்பதே, வண்டியைப் பொறுத்து, பத்து லிட்டருக்கு முன்னே பின்னேதான். அடுத்த ஆயில் மாற்றமோ பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி.

இன்ஜின் ஆயில் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும். கிரவுன் ஆயிலுக்கு லைட் கிடையாது. டிரைவருக்குத் தெரிவது கிரவுன் ஊளையிடும்போதுதான். அதற்குள் பல் தேய்ந்து, சூடேறி, பாதிக் கதை முடிந்திருக்கும். முழுக்க இறுகிப் பிடித்துக்கொண்டால் ஓடுகிற வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் டூவீலரில் வருகிறவர் கதி?

அன்றைக்கு டீக்கடையில் அந்த டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இதுக்கு முந்தி ஓட்டுன வண்டியில கிரவுன் போச்சுங்க. ஆயில் பாக்காம ஓட்டிட்டேன்னு சம்பளத்துல எட்டு மாசம் புடிச்சாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது மாதிரி சொன்னார்.

பற்று யார் கணக்கில் என்று கேட்டேனே, பதில் கிடைத்துவிட்டது.

தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்குத்தான் சம்பளத்தில் கை வைக்கலாம், அதுவும் அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்ட பிறகுதான் என்று 1936-ல் வந்த கூலிச் சட்டமே சொன்னது. 2019-ல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. பழைய வாஷரைப் போடச் சொன்னவர் ஒருவர், கவனக்குறைவு இன்னொருவருடையதா?

"இத்தனை வருஷமா அப்படித்தான் ஓட்டறோம், ஒண்ணும் ஆகலையே" என்கிற வாதம் இருக்கிறதே, அதற்கு உலகப் புகழ் பெற்ற ஒரு பதில் உண்டு. 1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய எழுபத்து மூன்றாவது விநாடியில் சிதறியது. ஏழு பேர் பலி. காரணம், ராக்கெட் இணைப்பில் கசிவைத் தடுக்க வைத்த ரப்பர் வளையம். குளிரில் அது விறைத்துப்போனது. முதல் நாள் இரவே இன்ஜினீயர்கள் வேண்டாம் என்றார்கள். அதற்கு முந்தைய பயணங்களில் வளையம் அரித்திருந்தும் ஓடம் பத்திரமாகத் திரும்பியிருந்தது. அதனால் மேலிடத்துக்குத் துணிச்சல். விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ஃபெய்ன்மேன், அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கி, குளிரில் அது மீளவில்லை என்று எல்லோர் முன்னாலும் காட்டினார்.

ராக்கெட்டும் லாரியும் ஒன்றா என்று கேட்காதீர்கள். 'ஒண்ணும் ஆகாது' என்று அங்கே முடிவு செய்தவர்கள் யாரும் ஓடத்துக்குள் உட்காரவில்லை. இங்கேயும் ராத்திரி வண்டியில் உட்காரப் போவது முதலாளி இல்லை.

இன்னொரு சங்கதி. அந்த முதலாளிக்குத் தறியும் உண்டு. தறியில் பிக்கர் தேய்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "உடனே மாத்தீருவோமுங்க. இல்லாட்டித் துணி கெட்டுப்போகுமுங்க" என்றார். ஆக, தேய்கிற சாமானை மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாத ஞானம் இல்லை. கெடுவது தன் துணி என்றால் உடனே கை நீளுகிறது. அடுத்தவன் சம்பளம் என்றால் 'ஒண்ணும் ஆகாது'!

லாரி முதலாளிகளே, நஷ்டக் கணக்கு எனக்கும் தெரியும். டீசல், டோல், இன்ஷூரன்ஸ், தவணை எல்லாம் கழுத்தை நெரிக்கிறது. வாஷரில்தானா மிச்சம் பிடிக்க வேண்டும்? கியர் பாக்ஸோ கிரவுனோ, ஆயில் மாற்றும்போதெல்லாம் வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள். பில்லில் அதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பழசைக் கையில் வாங்கிப் பாருங்கள். மெக்கானிக்குகளே, நீங்களும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வாஷர் இல்லாமல் பிளக்கை முடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்குங்கள், பைப் வேண்டாம். ஒரு நடை போய்வந்ததும் டிரைவர் குனிந்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

கிளம்பும்போது மறுபடி அந்த லாரியைப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் காற்றில் ஆடியது. போன அமாவாசைப் பழத்தை எடுத்து, 'நல்லாத்தானே இருக்குது' என்று இந்த அமாவாசைக்கு யாரும் கட்டுவதில்லை. காவலுக்கு வைக்கிற பொருள் புதுசாக இருக்கவேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது.

வண்டிக்கு அடியில் இருக்கிற காவலுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள், சாமி!