சூசையும் வளனும்

யோசேப்பு யார் என்று வினவினால் கிறித்தவ மாணவன் தயங்காமல் விடை கூறுவான். சூசையப்பர் யார் என்றால் கத்தோலிக்கக் குடும்பத்து மாணவன் மட்டும் கூறுவான். வளன் யார் என்றால் தேம்பாவணியைப் பயின்றவன் கூறக்கூடும், ஏனையோர் விழிப்பர். மூன்றும் மரியாளின் கணவரையே குறிக்கும் பெயர்கள். தமிழ் தந்த மூன்று பெயர்களால் தமிழ் மாணவனே திகைக்கிறான் என்றால், குறை மாணவனிடத்தில் இல்லை. அவன் கையில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டிய கருவிநூல் கொடுக்கப்படவில்லை என்பதே குறை.

செலாயாங் போன்ற பல்லினம் வாழும் ஊரில் இக்குறை இன்னும் பெருகித் தோன்றுகிறது. அங்குள்ள தமிழ் மாணவன் தன் மலாய்த் தோழனை யூசோப் என்றும், ஆங்கிலப் பாடநூலில் வருபவரை ஜோசப் என்றும் அறிவான். இசுலாமியத் தமிழ் நூலில் யூசுபு நபியைக் காண்பான். ஆனால் இந்த யூசுபு, யாக்கோபின் மகனான பழைய ஏற்பாட்டு யோசேப்பு. வளனோ புதிய ஏற்பாட்டு யோசேப்பு. ஒருவருக்குப் பல பெயர் என்பது ஒரு சிக்கல்; ஒரு பெயரில் பலர் என்பது மற்றொரு சிக்கல். இரண்டையும் பிரித்துக் காட்டாத அகராதியால் பயன் என்ன?

இப்பெயர்கள் பெருகியதற்குக் காரணம் உண்டு. தமிழில் வேதநூல்களை எழுதியோர் இரு நெறிகளைக் கையாண்டனர். ஒரு சாரார் பொருளைப் பெயர்த்தனர். பவுல் என்னும் பெயர்க்குச் சிறியவர் என்பது பொருள், எனவே சின்னப்பர். யோவான் என்பதில் இறையருள் என்னும் கருத்துண்டு, எனவே அருளப்பர். ஸ்தேவான் என்பதற்கு முடி என்பது பொருள், எனவே முடியப்பர். யோசேப்பு என்பதில் பெருகுதல் என்னும் பொருள் இருத்தலின், வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியில் வளன் என்றார். மற்றொரு சாரார் ஒலியைப் பெயர்த்தனர். 1871இல் வெளிவந்த பவர் திருப்புதல் அந்நெறியில் நின்று பவுல், யோவான், ஸ்தேவான் எனப் பெயர்களை நிலைபெறச் செய்தது.

“இத்தனை பெயர் எதற்கு? ஒன்றை நிறுத்தி மற்றவற்றை நீக்குக” என்பார் உளர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு பேதுரு, பவுல், யோவான் என்னும் வடிவங்களை ஏற்றது. வழிபாட்டில் ஒருமை வேண்டுவோர்க்கு அது நன்று. ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஒரு பெயரைத் தேர்ந்தால், ஏனைய பெயர்கள் ஏட்டிலிருந்து மறைந்துவிடுமா? தேம்பாவணியைத் திருத்தி எழுத இயலுமா? மலேசியத் தமிழரிடையே சூசை என்றும் சின்னப்பன் என்றும் அருளப்பன் என்றும் பெயர் தாங்கிய முதியவர்கள் தங்கள் பெயரின் வரலாற்றை இழக்க வேண்டுமா? நீக்குவது எளிது, விளக்குவதே கடமை.

“இது சமயத்தார் பாடு; தமிழாசிரியர்க்கு என்ன?” என்பார் வேறு சிலர். செலாயாங்கிற்கு அண்மையிலுள்ள பத்துமலையை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். கந்தன், குமரன், வேலன், சுப்பிரமணியன் என்னும் பெயர்களைக் கேட்டு எந்த மாணவனும் நால்வர் என்று மயங்குவதில்லை. சூழலும் மரபும் அவனுக்குக் கற்பித்துவிட்டன. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்து புராணப் பெயர்களுக்குத் துணை நின்றது. தேம்பாவணியும் சீறாப்புராணமும் தமிழிலக்கியமே என்று வகுப்பில் முழங்கிவிட்டு, அவற்றின் பெயர்களை மட்டும் அயலார் உடைமை என ஒதுக்குவது எவ்வகை நேர்மை?

“தமிழ்ப் பெயருக்கு அருகே ஆங்கிலப் பெயரை இட்டால் போதும்” என்பது மூன்றாம் கூற்று. இதுவே மிகவும் தீங்கானது. தமிழ்ச் சொல்லைத் தமிழால் விளக்க இயலாது என்னும் எண்ணத்தை அது மாணவன் உள்ளத்தில் விதைக்கிறது. ஜோசப் என்று எழுதிக் காட்டினால் ஆளை அறிவான். வளன் என்று ஏன் பெயர் வந்தது என்பதை எங்ஙனம் அறிவான்?

வேண்டுவது பெயரகராதி ஒன்று. சாலொமோன், சாலமோன், சுலைமான் என வழங்கும் எல்லா வடிவங்களும் அதில் ஒருங்கே நிற்க வேண்டும். மலாய் வடிவமும் உடன் இருக்க வேண்டும். பெயரின் மூலப்பொருளும், அது பயிலும் நூலும் சுட்டப்பட வேண்டும். தெரியாததைத் தெரியாதது என்று கூறும் துணிவும் வேண்டும். சங்கீதங்களின் எபிரேய மூலத்தில் 71 இடங்களில் வரும் சேலா என்னும் சொல்லின் பொருளை அறிஞர் இன்றும் அறுதியிட்டிலர். அதற்கு ஒரு பொருளைப் புனைந்துரைப்பது கல்வியாகாது. சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்த மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைத் தமிழ்த் தோகையோடு கால்டுவெல் 1856இல் தொடர்புபடுத்தினார். இத்தகைய செய்தி ஒரு மாணவன் கண்ணிற்பட்டால், அயல்நூல் என்று அவன் எண்ணிய நூலில் தன் மொழியின் சுவடு இருக்கக் காண்பான்.

இம்மண்ணுக்கு இப்பணி புதிதன்று. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியைத் தனிநாயக அடிகள் தேடிக் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வழியாக மீண்டும் வெளியிட்டார். மறைந்து கிடந்த நூலையே அவர் மீட்டார் என்றால், கண்ணெதிரே கிடக்கும் பெயர்களைத் தொகுக்கத் தடை என்ன? பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஆசிரியர் ஒவ்வொருவரும் தாம் கற்பிக்கும் நூலின் பெயர்களைத் தாளில் நிரல்படுத்தி, மாணவரைக் கொண்டு ஒப்பிடச் செய்தாலே தொடக்கம் ஆகிவிடும். அதுவரையில் வளன் என்னும் பெயரைக் கண்டு விழிக்கும் மாணவனைக் கடிந்துகொள்ளும் உரிமை எந்தத் தமிழாசிரியர்க்கும் இல்லை.