மூன்று நாள் விருந்து

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. உறவினர் வீட்டில் தங்குவதற்கு முன்னோர் வகுத்த இந்த எல்லை, ஊர் பார்க்கச் செல்வோருக்கும் பொருந்தும். பாடசாலை விடுமுறை நெருங்கியதும் மாத்தளை, உக்குவளை, இறத்தோட்டைப் பகுதிக் குடும்பங்களில் “இம்முறை இந்தியாவுக்குப் போய் வருவோமா?” என்ற பேச்சு எழுவது வழக்கம். கைப்பொருளோ குறைவு, விடுமுறையோ சொற்பம். இத்தகையோருக்கு மதுரை மாநகரைச் சிபாரிசு செய்கிறோம். அதுவும் உணவையே முதன்மையாகக் கொண்டு மூன்று நாள் சென்று வரலாம் என்கிறோம்.

கோயிலுக்கும் அரண்மனைக்கும் பேர்போன நகரில் உணவைத் தேடிப் போவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு நகரின் சரித்திரம் கோபுரத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை, அடுப்படியிலும் எழுதப்பட்டிருக்கிறது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியைப் புரட்டிப் பாருங்கள். பகற் கடைகளாகிய நாளங்காடியும் இரவுக் கடைகளாகிய அல்லங்காடியும் அதிலே வருகின்றன. அடையும் மோதகமும் விற்பவர்களைக் கூடப் புலவர் மறக்கவில்லை. இன்றும் மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். நள்ளிரவிலும் அங்கே இட்லி ஆவி பறக்கிறது.

மாத்தளையில் வாழும் நமக்கு இப்பிரயாணத்தில் வேறொரு பொருளும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, தமிழகத்திலிருந்து வந்த ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே கால்நடையாகத் தம்புள்ளை வழியே மாத்தளையை அடைந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர் ஏராளம். தப்பி வந்தவர்களின் சந்ததியில் பலருக்குக் கோதுமை மா ரொட்டியும் சம்பலுமே அன்றாட உணவாயின. இட்லியும் தோசையும் பண்டிகை நாட்களுக்கு உரியவையாயின. பாட்டன் பசியோடு நடந்து வந்த திசைக்குப் பேரன் ருசி பார்க்கத் திரும்பிச் செல்கிறான். இதை எண்ணிப் பார்க்காமல் உண்டால் அந்த உணவு வயிற்றோடு நின்றுவிடும்.

இனி ஏற்பாடுகளைக் கவனிப்போம். தலைமன்னார் – தனுஷ்கோடி வழியாகச் சென்ற பழைய ‘போட் மெயில்’ பிரயாணம் 1964 டிசம்பர்ப் புயலோடு முடிந்தது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பற் சேவை ஆரம்பமானபோதிலும், மாத்தளையிலிருந்து மூன்று நாளில் சென்று திரும்புவோருக்கு அது சுற்றுவழியே. கட்டுநாயக்காவிலிருந்து மதுரைக்கு நேரே விமானம் உண்டு. ஆகாயத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான். கடவுச்சீட்டின் காலாவதித் திகதியையும் விசா விதிகளையும் பிரயாணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது புத்தி.

காலத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் விடுமுறையே உகந்தது. ஏப்ரலில் வெயில் கொளுத்தும். சித்திரைத் திருவிழாவின் சனக்கூட்டத்தில் தங்குவதற்கு அறை கிடைப்பதும் அரிது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சூழ்ந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மாசி வீதியை அடுத்து அறை எடுத்தால், பெரும்பாலான உணவுக் கடைகளுக்கு நடந்தே செல்லலாம். நடந்தால் மீண்டும் பசிக்கும் என்பது இதிலுள்ள இலாபம்.

மதுரையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையை அனுசரித்துத் திட்டமிடுவதே இப்பிரயாணத்தின் சூட்சுமம். முதல் நாள் மாலை இறங்கியதும் பருத்திப்பால் அருந்துங்கள். பருத்திக் கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சும் பானம் இது. தள்ளுவண்டிகளில் சுடச்சுடக் கிடைக்கும். பிரயாணக் களைப்புக்கு இதனினும் நல்ல மருந்து வேண்டியதில்லை. இரவுக்கு இட்லி போதும். தேங்காய்ப் பாலிலும் மாசியிலும் பழகிய நம் நாவுக்கு, சாம்பாரும் பல நிறச் சட்னிகளும் புதுச் சுவையாக இருக்கும்.

இரண்டாம் நாளைச் சைவ உணவோடு கழிப்பது நலம். காலையில் கோயிலுக்குச் செல்லுங்கள். கைத்தொலைபேசியை உள்ளே கொண்டுசெல்ல அனுமதியில்லை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். தரிசனம் முடிந்து வாழையிலைச் சாப்பாடு. சற்று ஓய்வெடுத்தபின் 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள விளக்குத்தூண் பக்கம் வந்தால் ஜிகர்தண்டா காத்திருக்கும். பாலும் கடற்பாசியும் நன்னாரிச் சர்பத்தும் பனிக்கூழும் சேர்ந்த குளிர்பானம் அது. ஈரலைக் குளிரச் செய்வது என்பது அப்பெயரின் பொருள். அந்த நன்னாரி வேறொன்றுமல்ல. நம்மூரில் சிங்கள மக்கள் ‘இரமுசு’ என்று காய்ச்சிக் குடிக்கும் அதே வேர்தான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாம் நாட் காலையில் அழகர்கோயில். நகரிலிருந்து சுமார் இருபது கிலோமீற்றர் தூரம். அரிசியும் உழுந்தும் அரைத்து நெய்யில் வேகவைத்த தடித்த தோசை அங்கே பிரசாதம். கோயில்களெல்லாம் முடிந்தபின், புலால் உண்போர் நகருக்குத் திரும்பி அயிரை மீன் குழம்பையும் கறித் தோசையையும் சுவைக்கலாம். நம் கொத்து ரொட்டியின் உறவினனாகிய கொத்து பரோட்டாவும் அங்கே உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை இளைஞர்களிடம் விட்டுவிடுவோம்.

இத்தனையையும் உண்ண ஒரு வயிறு போதாதே என்பீர்கள். இருவருக்கு ஒரு தட்டு என்பதே விதியாக இருக்கட்டும். நீரிழிவு உள்ள பெரியவர்கள் ஜிகர்தண்டாவை ஒரு வாயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கொதித்தாறிய நீரையோ முத்திரையிட்ட போத்தல் நீரையோ மட்டுமே பருகுங்கள். கூட்டம் மிகுந்த கடையில் பண்டம் தேங்காது, அங்கேயே உண்ணுங்கள். ‘ஜீவனி’ பொட்டலங்கள் சிலவற்றைப் பையில் வைத்திருப்பது தாய்மாரின் கடமை. பணத்தை முன்கூட்டியே நான்கு பங்காக்கி, தங்குமிடம், போக்குவரத்து, உணவு, அவசரம் என வைத்துக்கொள்ளுங்கள். புடவைக் கடைக்குள் நுழைந்தபின் உணவுப் பங்கிற் கை வைப்பதில்லை என்று இல்லத்தரசியர் வாக்குக் கொடுத்துவிடுவது உத்தமம்!

ஒரு வேளை உணவை மட்டும் எக்கடைக்கும் ஒதுக்காதீர்கள். 1964 ஒக்டோபரில் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. கணக்கில் அது எண். தோட்டங்களில் அது பிரிவு. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! மதுரைக்கு அண்மையில் அப்படி ஓர் உறவு இருந்தால், முன்னறிவித்துவிட்டு, தேயிலைப் பொட்டலம் ஒன்றோடு போய் வாருங்கள். அவர்கள் வீட்டில் இன்னும் ரொட்டி தட்டிச் சம்பல் அரைக்கிறார்களா என்று பாருங்கள். நாம் அவர்கள் ஊர் இட்லியைத் தேடிப் போக, அவர்கள் நம் ஊர்ச் சம்பலை மறக்காமல் இருப்பார்களாயின், அதைவிடச் சுவையான விருந்து மதுரையில் வேறில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புறப்படுமுன் வீட்டிலுள்ள முதியவர்களிடம் பூர்வீக ஊரின் பெயரையும், அவர்கள் சிறுவயதில் உண்ட பண்டங்களின் பெயர்களையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் கண்டவற்றுக்கு எதிரே அடையாளமிட்டு, செய்முறையையும் குறித்து, அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிரயாணம் செய்ய இயலாத பாட்டிக்கு மதுரையைக் கொண்டுவந்து கொடுக்க இதுவே எளிய வழி. அதற்குக் கடவுச்சீட்டும் வேண்டியதில்லை.