ரெனானில் குற்றமில்லை என்பார்க்கு

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில், பெர்ன் மாநிலத்துக்கு உட்பட்டதாயினும் பிரெஞ்சு மொழியே வழங்குகின்ற ஜூரா மலைப் பிரதேசத்தில், சூஸ் என்னும் சிற்றாறு புறப்படும் பள்ளத்தாக்கின் தலைப்பில் ரெனான் என்ற கிராமம் அமைந்திருக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். குடிகளின் தொகையும் ஏறத்தாழ அதுவே. கீழ்ப்புறத்தில் சோன்விலியேயும், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன சேன்ட்-இமியேயும். மேற்புறத்தில் மலையைக் கடந்தால் லா ஷோ-த-ஃபோன் நகரம். மேய்ச்சல் நிலமும் ஊசியிலைக் காடும் சூழ்ந்த இவ்வூரைப் போன்ற ஒன்றை ரயிலிலிருந்து பார்க்கிறவர்கள், "இங்கே குற்றம் ஏது, பயம் ஏது?" என்று பெருமூச்சு விடுவது வழக்கம். ஸ்விஸ் நகரங்களின் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. சிற்றூரில் குற்ற வீதம் குறைவு, ஒருவரையொருவர் எல்லோரும் அறிவார்கள், தீமை வந்தால் வெளியிலிருந்துதான் வரவேண்டும், ஆகவே அங்கே வாழ்கிறவர்கள் நிர்ப்பயமாக வாழ்கிறார்கள் என்பது அதன் சாராம்சம்.

இந்த அபிப்பிராயத்தை நான் மறுக்கிறேன். ரெனான் மற்ற ஊர்களினும் தீயது என்று சொல்ல எவ்வித ஆதாரமும் இல்லை. நான் சொல்லவும் மாட்டேன். சிற்றூர் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஊரை நிர்ப்பயமானதென்று தீர்ப்பளிப்பது, அவ்வூரில் உண்மையாகவே பயந்து வாழ்கிற ஒருவரின் வாயை அடைக்கிற காரியம் என்பதே என் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பெருநகரங்களில் ஆயிரம் பேருக்கு இத்தனை திருட்டு என்று கணக்கிட்டால், அது கிராமங்களைவிட அதிகமாகவே வரும். இதை நான் மறுக்கவில்லை. ரயில் நிலையமும் கடைவீதியும் மதுச்சாலையும் உள்ள இடத்தில் பைகள் களவு போவது ஆச்சரியமன்று. ஆனால் வீதம் என்பது பெரிய தொகைகளின்மேல் நிற்கும்போதுதான் பேசும். சிறிய தொகையின்மேல் நிற்கும்போது உளறும். ஒரு பேச்சுக்காக, 900 பேர் வாழும் ஊரில் ஓராண்டில் ஒன்பது குற்றங்கள் பதிவாயின என்று வைத்துக்கொள்வோம், ஆயிரத்துக்குப் பத்து. மறு ஆண்டில் அதே ஒன்பதுக்கு மேலும் எவனோ ஒருவன் ஒரே இரவில் ஒன்பது வீடுகளின் நிலவறைகளை உடைத்துச் சைக்கிள்களைத் திருடிச் சென்றான் என்றால் வீதம் ஆயிரத்துக்கு இருபதாகிவிடும். குற்றம் இரட்டித்தது என்று பத்திரிகை எழுதலாம். அடுத்த ஆண்டில் அவன் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டால் பாதியாகக் குறைந்தது என்றும் எழுதலாம். இரண்டு செய்திகளிலும் ஊராரைப்பற்றிய உண்மை அணுவளவும் இல்லை. நாலு லட்சம் பேருக்குமேல் வாழும் ஜூரிக் நகரத்தின் கணக்கை அதே ஒன்பது சைக்கிள்கள் அசைக்கவும் மாட்டா.

அன்றியும், போலீஸ் கணக்கு என்பது நடந்த குற்றங்களின் கணக்கு அன்று. சொல்லப்பட்டு, கேட்கப்பட்டு, எழுதப்பட்ட குற்றங்களின் கணக்கு. தேசமுழுவதற்கும் ஒரே முறையில் இக்கணக்கு எடுக்கப்படுவதே 2009 முதல்தான். ரெனானிலிருந்து அதிக தூரமில்லாத நூஷாத்தெல் நகரத்திலுள்ள மத்திய புள்ளிவிவர அலுவலகம் அதை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. குற்றச்சட்டத்தின்கீழ் 2012-ல் 6 லட்சத்துக்கு மேற்பட்ட குற்றங்கள் பதிவாகி, 2021-ல் 4 லட்சத்துச் சொச்சமாக இறங்கி, 2024-ல் மறுபடியும் 5 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியிருக்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி உடைமை சம்பந்தமானது. ஓர் இல்லத்தரசி தன் சமையலறையில் அடிபட்டது இந்த வளைகோட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவள் சொன்னாளா என்பதைப் பொறுத்தது என்றே பதில் வரும். 2004 ஏப்ரல் 1-ந் தேதிக்கு முன் ஸ்விஸ் சட்டமே அப்படித்தான் இருந்தது. கணவன் மனைவியை மீண்டும் மீண்டும் அடித்தாலும், சாதாரணக் காயம் விளைவித்தாலும், மிரட்டினாலும், அவள் தானாக முன்வந்து புகார் கொடுத்தாலொழிய சர்க்கார் கையை நீட்டாது. அந்தத் தேதிக்குப் பின்னரே சர்க்கார் தானாகவே வழக்கெடுக்கக் கடமைப்பட்டது. அன்றிரவு ஆண்களின் கை மாறிவிடவில்லை. சட்டத்தின் காதுதான் திறந்தது.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம் சொன்னால் இது இன்னும் விளங்கும். தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் மலையடிவாரக் கிராமத்தில், 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் புகுந்து, மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களைக் கற்பழித்தனர். சிறைக்குச் சென்றவர்களோ கிராமத்தார். புகாரை ஏற்க ஆளில்லாமல், வழக்கு நீதிமன்றங்களின் உத்தரவால் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போய், 2011-ல் உயிரோடிருந்த குற்றவாளிகள் 215 பேருக்கும் தண்டனை கிடைத்து, 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1992-ம் வருஷத்துப் பதிவேட்டை மட்டும் புரட்டுகிறவனுக்கு, வாச்சாத்தியில் சந்தனக்கட்டைத் திருடர்கள் மட்டுமே தென்பட்டிருப்பார்கள்.

இரண்டாவது வாதத்துக்கு வருவோம், இதுவே கனமானது. சிற்றூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள், அந்த அறிமுகமே காவல் என்கிறார்கள். பூட்டாத வீட்டிலிருந்து பொருள் போகாமல் இருப்பதற்கு அந்த அறிமுகம் உதவும் என்பது மெய். அயலான் ஒருவன் தெருவில் நடந்தால் நாலு ஜன்னல்கள் பார்க்கும். ஆனால் ஸ்விட்ஸர்லாந்தில் ஆண்டுதோறும் கொலையுண்கிற ஐம்பது பேரளவிலான மனிதர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், தம் துணைவராலோ, முன்னாள் துணைவராலோ, உறவினராலோ கொல்லப்படுகிறார்கள். வீட்டுக்குள் நிகழ்ந்த வன்முறைக் குற்றங்களாகப் பதிவாகிறவை வருஷத்துக்கு ஏறத்தாழ 20,000. இந்தக் குற்றங்களை இழைத்தவன் அறிமுகமில்லாதவன் அல்லன். அவனை ஊரும் அறியும். அவனுடைய தகப்பனையும் அறியும். தீயணைப்புக் குழுவில் அவன் உழைத்ததையும் அறியும். இந்த அறிமுகம் யாருக்குக் காவலாகிறது? அடித்தவனுக்குத்தான் பெரும்பாலும். புகார் எழுதுகிறவரும், மருந்து கொடுக்கிறவரும், பள்ளியில் அவள் குழந்தைக்குப் பாடம் சொல்லுகிறவரும் அவனுக்கு உறவோ நட்போ ஆகக்கூடிய ஊரில், அவள் எந்தக் கதவைத் தட்டுவாள்?

அறிமுகத்தின் காவலைப்பற்றிப் பேசுகிறவர்கள் பெர்ன் மாநிலத்துக் கிராமங்களின் சரித்திரத்தை ஒருமுறை படிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், அனாதைகளும், ஏழைகளின் குழந்தைகளும், மணமாகாத தாய்மார்க்குப் பிறந்தவர்களும் ஊர்ப்பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்தபோது, குறிப்பிட்ட நாளில் அக்குழந்தைகளைக் கூட்டத்தின் முன் நிறுத்தி ஏலம் விடுவது வழக்கமாயிருந்தது. இந்த ஏலம் ஏறுகிற ஏலம் அன்று, இறங்குகிற ஏலம். இக்குழந்தையை வைத்துச் சோறு போட ஊர் எனக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று குடியானவர்கள் கேட்பார்கள். எவன் மிகக் குறைந்த தொகை கேட்கிறானோ அவனுக்கே குழந்தை. ஊருக்கு லாபம், அவனுக்கு ஒரு கூலியில்லா வேலையாள். குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டவன் குழந்தைக்கு எவ்வளவு சோறு போடுவான் என்பதைக் கூட்டத்தில் இருந்த எவரும் கணக்கிட்டிருக்க முடியும். எமெந்தால் பகுதியில் போதகராயிருந்த யெரெமியாஸ் கொட்ஹெல்ஃப் 1837-ல் தம் முதல் நாவலிலேயே இந்தக் கொடுமையை எழுதினார். ஏலம் நின்ற பின்னும் குழந்தைகளைப் பண்ணைகளில் வைக்கும் முறை நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் தேசமெங்கும் தொடர்ந்தது. நிர்வாக உத்தரவின் பேரில், எந்தக் குற்றமும் செய்யாதவர்களைக்கூட வழக்கின்றி அடைத்து வைக்கும் அதிகாரம் 1981 வரை இருந்தது. மாட்டுத்தொழுவத்தில் படுத்தும், அடிபட்டும், பாலியல் கொடுமைக்கு ஆளாகியும் வளர்ந்தவர்கள் முதுமையில் வாய் திறந்த பிறகே, 2013 ஏப்ரல் 11-ந் தேதி மத்திய அமைச்சர் சிமொனெத்தா ஸொமாருகா சர்க்காரின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2017-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஆளுக்கு 25,000 ஃபிராங்க் வழங்க ஏற்பாடாயிற்று. முதற்கட்ட அவகாசத்துக்குள் மட்டும் விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர்.

இந்தக் குழந்தைகளை ஊரார் அறியாமலா இருந்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பார்த்தார்கள். பள்ளியின் கடைசிப் பெஞ்சியில் தூங்கி விழுவதைப் பார்த்தார்கள். ஒன்பதாயிரம் பேரின் பாலியப் பருவம் அக்கால கிராமங்களின் குற்றக் கணக்கில் பூஜ்யமாகவே நின்றது. எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்த ஊர்கள்தாம் அவை.

மூன்றாவது வாதம், தீமை வெளியிலிருந்து வருகிறது என்பது. எல்லை கடந்து வந்து வீடுடைக்கும் திருட்டுக் கூட்டங்கள் உண்டு. அதை இல்லையென்பது பேதைமை. ஆயினும் இந்தப் பள்ளத்தாக்கின் சரித்திரத்தில் "அபாயகரமானவன்" என்ற பட்டம் கைமாறிய விதத்தைப் பார்க்க வேண்டும். 1871 நவம்பர் 12-ந் தேதி, ரெனானுக்கு அடுத்த ஊராகிய சோன்விலியேயில் கூடிய கடிகாரத் தொழிலாளிகள், லண்டனிலிருந்த சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் மேலிடத்தை எதிர்த்துச் சுற்றறிக்கை விடுத்தனர். மறு ஆண்டு செப்டம்பரில் சேன்ட்-இமியேயில் ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனின் முதலானோர் கூடி, அரசே வேண்டாம் என்னும் கொள்கையினரின் சர்வதேச மாநாட்டை நடத்தினர். ஐரோப்பிய சர்க்கார்களின் கண்ணுக்கு, பட்டறைகளில் குனிந்து பற்சக்கரம் அராவிக்கொண்டிருந்த இம்மலைவாசிகளே பேரபாயம். 1872-ல் அவர்களைப் பார்க்கவந்த ரஷ்யச் சிந்தனையாளர் குரொப்போத்கினோ அவர்களுடைய சுயேச்சையான சிந்தனையையும் சமத்துவத்தையும் கண்டு வாழ்நாள் முழுதும் அக்கொள்கையைத் தழுவிவிட்டார். பிற்காலத்தில் ஜூராப் பிரதேசம் பெர்னிலிருந்து பிரிய வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தபோது, 1962-க்கும் 1964-க்கும் இடையில் இராணுவக் கட்டடங்களுக்கும், இராணுவம் வாங்கியிருந்த பண்ணை வீடுகளுக்கும் தீவைத்தவர்களும், வெடிவைத்தவர்களும் அயல்நாட்டார் அல்லர். அம்மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களே. 1975 மார்ச் வாக்கெடுப்பில் ரெனான் அடங்கிய கூர்த்தலாரி வட்டம் பெர்னோடு இருக்கவே முடிவு செய்தது. ஆனால் அக்காலத்தில் அண்டை வீட்டாரே ஒருவருக்கொருவர் பகைவராய் நின்ற கசப்பை எந்த அயலானும் கொண்டுவரவில்லை.

நாமும் இந்தப் பட்டத்தைச் சுமந்தவர்கள்தாம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்து பெர்ன் முதலிய நகரங்களின் ரயில் நிலையங்களில் கூடி நின்ற நம் இளைஞர்களை, தோல்சட்டை அணிந்த ஹெராயின் வியாபாரிகளாகச் சித்திரித்து அக்காலப் பத்திரிகைகள் எழுதின. ஒரு சிலர் செய்த குற்றம் ஓரினத்தின்மேல் ஏற்றப்பட்டது. பாத்திரம் கழுவியும், முதியோரைப் பராமரித்தும், பிள்ளைகளைப் படிக்கவைத்தும் முப்பதாண்டுகள் உழைத்தபின் அதே தமிழர் உதாரணக் குடியேறிகளாகப் புகழப்படுகிறார்கள். அப்படிப் பட்டம் சுமந்த நாமே, இன்று எரித்ரேயரையும் ஆப்கானியரையும் சுட்டி, "அவர்கள் வராத கிராமமே நல்லது" என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. போலீஸ் கணக்குப் பத்தியில் குடியுரிமையின் பெயர் இருக்கிறது. ஒருவனுடைய வயதும், ஆணென்பதும், வறுமையும், வேலை செய்ய அனுமதியின்றி அவன் காத்திருந்த மாதங்களும் அதே பத்தியில் இல்லை.

கடைசி வாதம்: போலீசாரைக் கூப்பிடுவதற்கே அவசியமில்லாத ஊர் என்பது. ரெனான் போன்ற ஊர்களுக்குத் தனிப் போலீஸ் நிலையம் கிடையாது. பெர்ன் மாநிலப் போலீசே எங்கும் காவல் செய்கிறது. கூப்பிடாதது நிம்மதியாலும் இருக்கலாம், வெட்கத்தாலும் இருக்கலாம். ஊர் சிறிதாகையால், போலீஸ் வண்டி எந்த வாசலில் நின்றது என்பது பொழுது விடியுமுன் எல்லோருக்கும் தெரிந்துவிடும். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு இலவச ஆலோசனை தர ஒவ்வொரு மாநிலமும் நிலையம் வைக்க வேண்டும் என்ற சட்டம் 1993 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்காதவர்களும் அங்கே போகலாம், அங்கே சொன்னதை யாரும் வெளியிடமாட்டார்கள். ஆனால் ரெனானிலிருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்நிலையம் பீல் நகரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கு முழுவதும் இறங்கிப் போகும் ரயிலில், அவளை அறிந்தவர்களின் நடுவே உட்கார்ந்து, எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு ஒரு பொய்யை ஆயத்தமாக வைத்துக்கொண்டு அவள் போக வேண்டும். அவள் தமிழச்சியாயின் பிரெஞ்சு மொழியும் தடையாகும், மொழிபெயர்க்க வருகிறவர் தன் கணவனுக்குத் தெரிந்தவராக இருப்பாரோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். ரெனானின் பாதுகாப்பைப்பற்றி அறிய விரும்புகிறவர்கள் சைக்கிள் திருட்டின் வீதத்தை விட்டுவிட்டு, அந்தப் பயணத்தை அவள் எத்தனை இடையூறின்றிச் செய்ய முடிகிறது என்பதையும், ஆலோசகர் ஒருவர் வாரத்தில் ஒருநாளாவது சேன்ட்-இமியே வரை ஏறி வந்தால் என்ன என்பதையும், ஊர்ச் சபை கூடும்போது கையுயர்த்திக் கேட்கட்டும்.